பதினெட்டுக்குக் குறைந்தால்

லியபாயாவில் அக்டோபர்.
கடற்காற்றுக்குச் சுவர் எது சன்னல் எது என்ற பேதமில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
ஒரே கொதிகலன்,
குளிர்கிறது என்று எழுதிப்போட ஒரு படிவம்,
வருவதைப் படிக்க ஆளில்லை.

ஆகவே விஸ்மா ஒரு சாய்சதுரத்தை இழுத்து
திரையின் நடுவில் விட்டாள்.
அதன் வயிற்றில் எழுதினாள்:
வீட்டின் வெப்பம் பதினெட்டுக்குக் குறைந்தால்.

குறைந்தால்.
அந்த ‘ஆல்’ எத்தனை சின்ன விகுதி,
அதன் கீலில் எத்தனை பெரிய கதவு.
வலப்பக்கம் பச்சை அம்பு:
குழாய்க்காரர் ஓயார்ஸுக்குக் குறுஞ்செய்தி.
இடப்பக்கம் சாம்பல் அம்பு:
‘உங்கள் வீடு போதிய வெப்பத்தில் உள்ளது.
இனிய நாளாகட்டும்.’

ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.
கோணலாகக் கிடந்த பெட்டிகளை
நேராக நகர்த்தினாள், அவ்வளவுதான்.
பதினேழு என்று போட்டுப் பார்த்தாள்,
ஓயார்ஸின் கைப்பேசி சிணுங்கியது.
இருபத்தொன்று போட்டாள்,
இனிய நாள் வந்தது.
மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஐந்தாம் மாடி, அறுபத்தேழாம் எண்.
ரைதிஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன்.
இரவுப் பணி முடிந்து வந்து
ஒரு கையுறையை மட்டும் கழற்றிப்
படிவத்தைத் திறந்தான்.
வெப்பம் எவ்வளவு?
வீட்டில் வெப்பமானி கிடையாது.
எழுதினான்:
மூச்சு தெரிகிறது.

சாய்சதுரம் அதை வாங்கிப் பதினெட்டோடு நிறுத்தது.
மூச்சு, பதினெட்டைவிடக் குறைவா?
ஆம் என்று சொல்ல முடியவில்லை.
ஆம் என்று சொல்ல முடியாததெல்லாம்
அதற்கு இல்லைதான்.
சாம்பல் அம்பில் சறுக்கினான் ரைதிஸ்.
இனிய நாளாகட்டும்.

மறுநாள்: நேற்றைவிட மோசம்.
இனிய நாளாகட்டும்.
அதற்கும் மறுநாள்: குழந்தையைத் தொப்பியோடு தூங்கவைக்கிறோம்.
இனிய நாளாகட்டும்.
பிறகு அந்தக் கட்டத்தில் ஒன்றுமே எழுதாமல் அனுப்பினான்.
வெறுமைக்கும்
ஓர் இனிய நாள் கிடைத்தது.

பதினொரு நாள்.
பதிவேட்டில் பதினொரு பச்சைக் குறி.
வெற்றி. வெற்றி. வெற்றி.
எங்கும் சிவப்பு இல்லை, எதுவும் உடையவில்லை.
உடைந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பக்கத்து அறுபத்தாறில் வெப்பமானி இருந்தது.
பதினாறு என்று எழுதினார்கள்,
ஒரு மணி நேரத்தில் ஓயார்ஸ் வந்துவிட்டார்.
குழாயில் அடைத்திருந்த காற்றை இறக்கிக்கொண்டிருந்தவருக்குச்
சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது.
சின்ன நெஞ்சின் இருமல்.
திருகியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க்
கதவைத் தட்டினார்.

விஸ்மா பதினொன்றையும் படித்தாள்.
இனிய நாள் என்ற வாக்கியம் அவள் எழுதியதுதான்.
அன்பாக இருக்கட்டும் என்று
கடைசியில் சேர்த்தது.

முதல் சாய்சதுரத்துக்கு மேலே இன்னொன்றை வைத்தாள்:
வந்திருப்பது எண்தானா?
இல்லை என்ற அம்பை
வெகுநேரம் எங்கும் விடாமல் பிடித்திருந்தாள்,
சுட்டியில் விரல் வலிக்கும்வரை.
பிறகு தன் கைப்பேசி எண்ணில் கொண்டுபோய் விட்டாள்.

“எல்லாவற்றையும் நீயே படிப்பதென்றால்
இது எதற்கு?” என்றார் மேலாளர் குந்தார்ஸ்.
“எல்லாவற்றையும் இல்லை,” என்றாள்.

அன்றிரவு ஒன்று நாற்பதுக்கு முதல் அதிர்வு.
‘சோதனை’ என்று யாரோ.
அடுத்தது, எங்கள் மாடியில் விளக்கு எரியவில்லை.
அது இவள் வேலையே அல்ல. குறித்துக்கொண்டாள்.
மூன்று மணிக்கு அறுபத்தேழு.
வெப்பம் எவ்வளவு என்ற கட்டத்தில்
ரைதிஸ் எழுதியிருந்தான்:
இப்போது பரவாயில்லை. உங்கள் வீட்டில் எவ்வளவு?

சுவரைப் பார்த்தாள்.
அவளிடமும் வெப்பமானி இல்லை.
போர்வையை விலக்கி,
திரை வெளிச்சத்துக்கு நேராக
வாயைக் குவித்து
ஊதிப் பார்த்தாள்.